சமையலறைச் சுவரில் நான்கு வண்ண ஆடு

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தவர். மேலே போவது, கீழே வருவது, நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, இதோ வந்துட்டோம்" என்று கத்துவது, இதுதான் உத்தியோகம். ஒருநாள் அவரே பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். அங்கே அவருக்கு ஞானம் பிறந்தது. மனிதனுக்குக் கால் தரையில் இருக்க வேண்டும், தின்பதைத் தானே வளர்க்க வேண்டும், வளர்த்ததில் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டு வெளியே வந்தார். கதவைத் திறந்துவிட்டவர்கள் அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என் அக்கா தப்பித்திருப்பாள்.

அடுத்த வருடமே வேலையை விட்டார். ஊரைத் தாண்டி இரண்டு ஏக்கர், அதில் தகரக் கூரை போட்ட வீடு, ஒரு கொட்டகை, எட்டு ஆடு, பதினைந்து கோழி, நாலு பாத்தி காய்கறி. கூடவே என் அக்கா, அப்போது எட்டு வயதான அவர்கள் பெண். இந்த வரிசையில்தான் அவரும் சொல்வார். ஆட்டுக்குப் பிறகுதான் அக்கா.

நான் அவருக்கு வைத்த பெயர் "முழுசு". முழுசா வாழணும், முழுசா உழைக்கணும், முழுசா சாப்பிடணும் என்று எந்தப் பேச்சிலும் அந்த வார்த்தை வந்து விழும். நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் பேசுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாம் எங்கள் மாமாவிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"ஒரு உயிரை எடுத்தா அதை முழுசா சாப்பிடணும்மா. தொடையை மட்டும் தின்னுட்டு மீதியைக் குப்பையில போடறது அந்த ஆட்டை அவமானப்படுத்தற மாதிரி. எங்க வீட்ல கொம்பையும் குளம்பையும் தவிர எதுவும் வெளிய போகாது. எல்லாம் நாங்களே வளர்க்கறோம், நாங்களே அறுக்கறோம், நாங்களே சுத்தம் பண்றோம்."

பேச்சில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. எனக்கு எரிச்சலே அதுதான். நியாயத்தைப் பேசுகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

ஆனால் அந்த "நாங்க" யார் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அறுப்பது கறிக்கடைக்காரர். விடியற்காலையில் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வருவார். மாமா பின்னங்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். கறிக்கடைக்காரர் "விடுங்க சார், முடிஞ்சுது" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பார். அதற்குப் பிறகு வருகிற "நாங்க" எல்லாம் என் அக்கா ஒருத்திதான்.

தலையையும் காலையும் நெருப்பில் வாட்டி, முடி கருகக் கருகக் கத்தியால் சுரண்டுவாள். குடலைக் குச்சியில் மாட்டி உள்பக்கத்தை வெளியே புரட்டி, உப்புப் போட்டு ஏழு தண்ணீர் அலசுவாள். இரைப்பையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, அதன் கறுப்புத் தோல் உரிந்து பழைய குளியல் துண்டு மாதிரி வெளுக்கும்வரை தேய்ப்பாள். நுரையீரலுக்குள் குழாய்த் தண்ணீரை விட்டு விட்டு, சிவப்பெல்லாம் வெளியேறும்வரை பிழிவாள். அதை வேகவைத்தால் அடங்காது. மூடியைத் தள்ளிக்கொண்டு மிதந்து வரும், நுரை அடுப்பெல்லாம் வழியும். கொழுப்பை உருக்கிச் சோப்புக் காய்ச்சுவதும் அவள்தான். அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனதால் அவள் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கை ஒரு வருடம் காலியாகவே கிடந்தது. கல்யாண நாளுக்கு மாமா அக்காவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார் தெரியுமா? சுரண்டுகிற கத்தி. கைப்பிடி மரத்தில் அவள் பெயரைச் செதுக்கி வேறு.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கையை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. மழையில் நனைந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர். அந்தக் கரிசனம் ஆட்டோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது சுவருக்கு வருகிறேன்.

சமையலறையில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில், மாமா கரிக்கட்டையால் ஒரு ஆட்டை நிஜ அளவில் வரைந்து வைத்திருந்தார். ஆடு என்று அவர் சொன்னதால் ஆடு. எனக்கு அது கம்பளி போர்த்திய பெஞ்சு மாதிரிதான் தெரிந்தது. அந்தப் படத்துக்குள் கோடு போட்டு, தலை, நாக்கு, மூளை, கழுத்து, விலா, ஈரல், நுரையீரல், மண்ணீரல், இரைப்பை, குடல், தொடை, கால், வால் என்று பிரித்திருந்தார். பக்கத்தில் ஒரு ஊறுகாய் பாட்டிலில் கலர் கிரேயான்கள். அவருக்கு நீலம், பெண்ணுக்குப் பச்சை, விருந்தாளிகளுக்கு மஞ்சள். எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்த சிவப்பு அக்காவுக்கு. யார் எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறார்களோ அவர்கள் கலரை அந்த இடத்தில் தீட்ட வேண்டும். வெள்ளை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் ஆடு முழுக்க நிறைந்த பிறகுதான் அடுத்த ஆட்டை அறுக்கலாம். அது நிறைந்ததும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் புது ஆடு வரைவார்.

சட்டம் என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். விலாவையும் ஈரலையும் நீலம் முதல் இரண்டு நாளில் முடித்துவிடும். தொடைக்கறியில் பச்சை, கொஞ்சம் நீலம், யாராவது வந்தால் மஞ்சள். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள், வயிற்றுப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாள். மாமாவுக்கு யூரிக் ஆசிட். எந்த டாக்டரும் சொன்னதில்லை, அவராகச் சொல்லிக்கொண்டது.

"எனக்கு உறுப்புக் கறி ஒத்துக்காதும்மா. யூரிக் ஆசிட் சர்ருனு ஏறிடும்" என்பார். ஈரல் மட்டும் எப்படி ஏறாமல் இருந்தது என்று நான் கேட்டேன். "ஈரல் வேற கணக்கு" என்றார்.

ஆக, குளிர்பெட்டி நிறைய இரைப்பையும் குடலும் நுரையீரலும் அக்காவுக்காகக் காத்திருக்கும். மாமா அடுத்த ஆட்டின் விலாவுக்காகக் காத்திருப்பார். கொட்டகையில் எட்டு ஆடு வைத்துக்கொண்டு மனிதர் கறிக்கு ஏங்கிப்போய்ச் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "இன்னும் நுரையீரல் இருக்கே. மதியத்துக்கு ஒரு கை பாத்துடேன்" என்று அக்காவை உற்சாகப்படுத்துவார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பால் கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி அவள் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அவள் காலையும் மாலையும் அதையே தின்று, கையைக் கழுவிவிட்டு வந்து, சிவப்பைத் தீட்டுவாள். கடைசி வெள்ளை மறைந்ததும் அவர் கறிக்கடைக்காரருக்கு ஃபோன் போடுவார்.

அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். விலா எலும்போடு வருகிற சாப்ஸ். சின்ன வயதில் நான் உருளைக்கிழங்குக்கு மயங்குகிறவள், அதனால் என் தட்டில் விழும் சாப்ஸையும் அவள்தான் எடுத்துக்கொள்வாள். எலும்பைக் கழுவி வைத்தது மாதிரி சுத்தமாகக் கடித்துவிட்டு, விரலை ஒவ்வொன்றாகச் சப்புவாள். அந்த இரண்டு ஏக்கருக்குப் போன பிறகு அவள் சாப்ஸ் தின்று நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஒருநாள் ஃபோனில் சொன்னாள். "ஒரே ஒரு துண்டு எடுத்து ஒளிச்சு வச்சேன்டி. சின்ன டப்பாவுல, உப்பு ஜாடிக்குப் பின்னாடி. எல்லாரும் தூங்கினப்புறம் சாப்பிடலாம்னு."

"சாப்பிட்டியா?"

"எங்க? சுவர்ல விலாவுக்குப் பதிமூணு கோடு போட்டிருக்காரே. ஒண்ணு வெள்ளையா நின்னுது. ஏன் வெள்ளையா இருக்குன்னு வீடெல்லாம் தேடினாரு. நானே எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"சூடு பண்ணி அவரே சாப்பிட்டாரு. நீலம் அடிச்சுட்டு, 'பாத்தியா, சுவர் பொய் சொல்லாது'ன்னு சொன்னாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அவர், ஒவ்வொரு ஆட்டுக்கும் அனுப்புவது போல, எனக்குப் பார்சலில் ஒரு கிலோ தொடைக்கறி அனுப்பியிருந்தார். அதைத் தின்றுவிட்டு என்ன வாயோடு கேட்பது?

இந்த வருடம் மாமாவுக்கு அடுத்த ஞானம் பிறந்தது. தான் வாழ்வது மட்டும் போதாது, ஊருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "தலை முதல் வால் வரை: வீணாக்காத ஒரு குடும்பத்தோடு ஒரு நாள்" என்று நோட்டீஸ் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வகுப்பு, மதியம் முழு ஆட்டுச் சாப்பாடு. பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அக்கா என்னை உதவிக்குக் கூப்பிட்டாள். மூன்று நாள் முன்னால்தான் பழைய ஆட்டின் கடைசித் துண்டு நுரையீரலை விழுங்கி முடித்திருந்தாள். குரலே கம்மிப்போயிருந்தது.

"வர்றேன். ஆனா ஒண்ணு, அன்னிக்கு நீ சாப்ஸ் சாப்பிடணும்" என்றேன்.

"பன்னெண்டு பேர் வர்றாங்க. விலாவுல பதிமூணு துண்டுதான் போட்டுக் குடுப்பாரு கறிக்கடைக்காரர். வர்றவங்களுக்குப் போக அவருக்கு ஒண்ணு. எனக்கு எங்கடி இருக்கு?" என்றாள். கணக்குப் போட்டே பார்த்து வைத்திருக்கிறாள், பாவி.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். ஆட்டை அறுத்து முடித்திருந்தார்கள். அக்கா நாலு அடுப்பையும் பற்றவைத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். எதிரே சுவரில் பழைய ஆடு முழு நிறத்தோடு நின்றது.

"என்னங்க, ஆளுங்க வர்றதுக்குள்ள சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுடட்டுமா? அசிங்கமா இருக்கு" என்று அக்கா கேட்டாள்.

மாமா புது ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். அதில் நாலு கத்தி செருக நாலு பை இருந்தது. "அதை யாராவது அழிப்பாங்களா? ஒரு பொட்டு வெள்ளை இருக்கா பாரு. எட்டு வருஷத்துக்கு அதுதான் சாட்சி. வகுப்பையே அங்கதான் முடிக்கப் போறேன்" என்றார்.

பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். பாத்தி, கொட்டகை, சோப்பு எல்லாம் காட்டி, மாமா இரண்டு மணி நேரம் பேசினார். கத்தியை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகினார். எதையும் வெட்டவில்லை. முழங்கால் வலிக்காரர் ஒருவர், "உள்ளுறுப்பெல்லாம் சாப்பிட்டா யூரிக் ஆசிட் ஏறும்னு பயமுறுத்தறாங்களே சார்?" என்று கேட்டார்.

"எல்லாம் சும்மா பேச்சு! எங்களைப் பாருங்க. எட்டு வருஷமா ஒரு பாகம் விடாம சாப்பிடறோம். எனக்கு என்ன ஆச்சு?" என்று மாமா நெஞ்சில் தட்டினார். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு மணிக்கு எல்லாரையும் சமையலறைக்குக் கூட்டிவந்து சுவரின் முன்னால் நிறுத்தினார். கலர் தீட்டுகிற முறையை விளக்கினார். யாருக்கு எந்தக் கலர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது முக்கியம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எட்டு வருடமாக அந்தச் சுவரில் வெள்ளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவர் அவர்.

வந்தவர்களில் ஒரு பாலர் பள்ளி டீச்சர் இருந்தார். குள்ளமான அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். கலரைக் கண்டால் கேள்வி கேட்பது அவர் தொழில்.

"ரொம்ப அழகா இருக்கு சார். இந்த நீலம் யாரு?"

"நான்தான்" என்றார் மாமா பெருமையாக.

"விலா முழுக்க நீலம். ஈரலும் நீலம். சரி, பச்சை?"

"என் பொண்ணு."

"இந்தத் தொடையில மஞ்சள்?"

விருந்தாளிகள் என்று மாமா பொதுவாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். "இதோ, இவங்கதான். என் மச்சினி" என்று என்னைக் கை காட்டினார். பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்குக் கிட்டே போனார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில், விரல் வைத்து வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "தலை சிவப்பு. நாக்கு சிவப்பு. நுரையீரல் சிவப்பு. மண்ணீரல் சிவப்பு. இரைப்பை, குடல், நாலு காலும் சிவப்பு. வாலும் சிவப்பு." திரும்பிப் பார்த்தார். "இந்தச் சிவப்பு யாரு?"

மாமா ஏப்ரனிலிருந்து ஒரு கத்தியை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார்.

வாசல்படியில் சாய்ந்துகொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், இப்போது பதினாறு வயது, தலையைத் தூக்காமலே சொன்னாள். "அது அம்மா."

"அப்போ தலை முதல் வால் வரைக்கும் சாப்பிட்டது அம்மா மட்டுந்தானா?" டீச்சர் சந்தேகம்தான் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது அப்படிக் குத்தியது.

முழங்கால் வலிக்காரர் மாமாவின் நெஞ்சைப் பார்த்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமா சமாளித்தார். "அது... அவளுக்கு அதெல்லாம்தான் ரொம்பப் பிடிக்கும். நாங்க சொன்னாலும் விடமாட்டா."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். கரண்டியோடு அடுப்பருகே நின்றாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வழக்கம்போலச் சிரித்து மழுப்பிவிடுவாள், அதோடு இன்னும் எட்டு வருடம் ஓடிவிடும் என்று நினைத்தேன். சொல்லுடி, இன்றைக்காவது சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"எனக்குப் பிடிக்காதுங்க" என்றாள் அக்கா. மாமாவிடம் இல்லை, டீச்சரிடம். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "நுரையீரல் வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும். அதெல்லாம் முடிஞ்சாத்தான் அவருக்கு அடுத்த ஆடு. அதனால சாப்பிட்டேன்."

"என்ன பேசற நீ, வந்தவங்க முன்னாடி?" என்று மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சுவர் பொய் சொல்லாதுன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க" என்றாள் பெண். இப்போது ஃபோனைக் கீழே வைத்திருந்தாள்.

அக்கா இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றில் நுரையீரல், இரைப்பை, குடல் மூன்றையும் தாராளமாக வைத்தாள். அதை மேஜையின் தலைப்பக்கம், மாமா இடத்தில் வைத்தாள். இன்னொரு தட்டில் சாப்ஸ். ஒன்று இல்லை, மூன்று. ஆள் கணக்கு உதைக்குமே என்று நான் பதறினேன். அவள் பதறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். விருந்தாளிகள் யாருக்கும் பரிமாறவில்லை. சமைத்த கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உக்காருங்க சார். எட்டு வருஷமா சாப்பிடற ஆளு, நீங்க ஆரம்பிச்சு வைங்க" என்றார் முழங்கால் வலிக்காரர். யூரிக் ஆசிட்டைக் காலையில் தன் வாயாலேயே ஒழித்துக்கட்டியிருந்த மாமாவுக்குப் போக வேறு வழியில்லை. உட்கார்ந்தார். நாலு கத்தியும் இடுப்பில் இடித்தன. நுரையீரலில் இருப்பதிலேயே சின்ன துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டார். மென்றார். ஒரு வாய்க் கறியை இவ்வளவு நேரம் மென்ற மனிதரை என் பல் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. வலது கன்னத்துக்குத் தள்ளினார், இடது கன்னத்துக்குத் தள்ளினார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருவர் ஃபோனில் படம் எடுத்தார். அதற்கும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. அவருக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க யாரும் எழுந்துபோகவில்லை. நானும் போகவில்லை.

நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பை இரண்டு விரலால் பிடித்து முதல் கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முகம் இறுகிக்கொண்டே போனது. எலும்பைக் கழுவி வைத்தது மாதிரி சுத்தமாகக் கடித்துத் தட்டில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது. அது சந்தோஷத்தில் இல்லை, கூடப் பிறந்தவள் எனக்குத் தெரியாதா? அவ்வளவு கோபத்தை நான் அவள் முகத்தில் அதுவரை பார்த்ததில்லை.

மேஜைக்கு எதிரே இருந்த மாமாவைப் பார்த்துக் கேட்டாள். "எட்டு வருஷமா இது இவ்வளவு ருசியாத்தான் இருந்துச்சா?"

வாயில் நுரையீரல் இருந்ததால் மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. அக்கா இரண்டாவது துண்டை எடுத்தாள்.